மண் சரியுமுன் ஒரு வரி

வடிகாலைப் பராமரிக்கும் செலவை, அந்த வடிகாலால் தப்பிப் பிழைக்கும் வீடுகளிடமே வசூலிக்கலாமா? கலிபோர்னியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வசூலிக்கிறார்கள். ஜனக்புரியிலும் குன்னூரிலும் அது செல்லுபடியாகுமா?

2023 ஜூலை முதல் வாரம். மேற்கு தில்லியின் ஜனக்புரியில் சாலையின் பெரும்பகுதி திடீரென உள்வாங்கியது. முந்தைய நாள்வரை பேருந்தும் ஆட்டோவும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கிணறு. செய்தி நிறுவனங்களின் படங்கள் சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவின. வழக்கம்போல எந்தத் துறையின் பொறுப்பு என்ற பேச்சு எழுந்தது, பள்ளம் மூடப்பட்டது, தில்லி மறந்துவிட்டது.

ஜனக்புரியில் மலை கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடுகூடக் கிடையாது. ஆனால் சாலை உள்வாங்குவதற்கும் மலை சரிவதற்கும் அடிப்படைக் காரணம் பல நேரங்களில் ஒன்றேதான்: போக வேண்டிய வழியில் போகாத தண்ணீர். பூமிக்கடியில் பழைய கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டால், மழை பெய்யும்போதெல்லாம் சுற்றியுள்ள மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். மேலே தார் மட்டும் கூரைபோல நிற்கும். ஒரு நாள் கூரை விழும். மலையில் இதுவே வேறு விதமாக நடக்கிறது. சரிவில் இறங்கும் மழைநீரை ஏந்திக்கொள்ள வேண்டிய ஓடை அடைபட்டால், தண்ணீர் மண்ணுக்குள் புகுந்து, மண் துகள்களின் பிடிப்பைத் தளர்த்தி, எடையையும் கூட்டிவிடுகிறது. அப்புறம் மண் தன்னைத் தானே தாங்காது.

இரண்டுக்கும் மருந்தும் ஒன்றுதான்: வடிகாலைக் கட்டு, ஆண்டுதோறும் சுத்தம் செய், விரிசலை உடனே அடை. இந்த வேலைக்குப் புகழ் கிடையாது. திறப்பு விழா கிடையாது. கல்வெட்டில் அமைச்சர் பெயர் பொறிக்க இடம் கிடையாது. எனவே பணமும் கிடைப்பதில்லை.

ஜனக்புரி தமிழர்களுக்குப் புதிதல்ல. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு வந்து, ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய பெரிய காலனிகளில் இது ஒன்று. எழுபதுகளில் வீடுகள் எழத் தொடங்கின. அப்போது போட்ட குழாய்களுக்கு இப்போது ஐம்பது வயது. தரைத் தளமும் முதல் மாடியுமாக இருந்த வீடுகள் பல இன்று நான்கு மாடிகளாக நிற்கின்றன. குழாய் மட்டும் அதேதான்.

அந்தக் குழாய் யாருடையது என்று கேட்டால் தலை சுற்றும். கழிவுநீர்க் குழாய் தில்லி ஜல போர்டினுடையது. உள்தெருவின் மழைநீர்ச் சாக்கடை மாநகராட்சியினுடையது. அறுபது அடிக்கு மேல் அகலமுள்ள சாலை என்றால் ஓரத்துச் சாக்கடை பொதுப்பணித் துறைக்கு. அது போய்ச் சேரும் பெரிய நாலா பாசன, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைக்கு. விகாஸ்புரியை ஒட்டி ஓடும் நஜஃப்கட் நாலா ஒரு காலத்தில் சாஹிபி என்ற நதி. தான்சாவிலிருந்து வஜீராபாத் வரை 57 கிலோமீட்டர் ஓடி யமுனையில் கலக்கிறது. மேற்கு தில்லியின் மழைநீரும் கழிவும் அதற்குள்தான் போயாக வேண்டும். ஒரு துளி மழை ஜனக்புரி மொட்டை மாடியில் விழுந்து யமுனையை அடைவதற்குள் மூன்று நான்கு அரசு அலுவலகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது. எந்த எல்லையில் அது தேங்கினாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டலாம்.

தில்லியின் வடிகால்களுக்கான பெருந்திட்டம் 1976ல் போடப்பட்டது. அதன் பிறகு நகரம் பல மடங்கு பெருத்தது. 2018ல் தில்லி ஐஐடி ஒரு புதிய திட்ட அறிக்கை தந்தது. மழைநீர் வடிகால்களில் கழிவுநீர் கலப்பதையும், சில வடிகால்கள் எதிர்த்திசையில் சரிந்து கிடப்பதையும் அது சுட்டியது. அறிக்கை அலமாரியில் இருந்தபோதே 2024 ஜூன் 28ம் தேதி வந்தது. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை. 1936க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்ததில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூலை 27 அன்று, பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து, ஐஏஎஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். சாக்கடை அடைப்பு என்பது வெறும் துர்நாற்றச் சமாச்சாரம் அல்ல என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சரி, ஒரு வீடு இதற்கெல்லாம் எவ்வளவு தருகிறது?

2004 ஏப்ரல் முதல் தில்லியில் சொத்து வரி ‘அலகுப் பரப்பு’ முறையில் கணக்கிடப்படுகிறது. காலனிகள் ஏ முதல் எச் வரை எட்டு வகை. ஏ வகைக்குச் சதுர மீட்டருக்கு ரூ. 630, எச் வகைக்கு ரூ. 100. நடுத்தரமான டி வகையை எடுத்துக்கொள்வோம்: ரூ. 320. எண்பதுகளில் கட்டிய, உரிமையாளரே குடியிருக்கும் நூறு சதுர மீட்டர் வீடு. பழைய கட்டடம் என்பதால் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆக ஆண்டு மதிப்பு ரூ. 25,600. வரி 11 சதவீதம். ரூ. 2,816. மாதத்துக்கு ரூ. 235. கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்துத் தருவதைவிடக் குறைவு. இதில்தான் தெருவிளக்கு, துப்புரவு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம். சாக்கடைக்கு என்ன மிஞ்சும் என்பதை நிதியமைச்சர் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

சொத்து வரி என்பது ஒரு பொதுப் பானை. போட்ட அரிசி யார் தட்டுக்குப் போகிறது என்று தெரியாது. தெரியாதவரை கொடுக்கவும் மனம் வருவதில்லை. 2025 ஏப்ரலில் தில்லி மாநகராட்சி குப்பை அள்ளும் கட்டணத்தைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்க முற்பட்டது. வீட்டின் அளவைப் பொறுத்து மாதம் ரூ. 50 முதல் 200 வரை. குடியிருப்போர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ‘எங்கள் குப்பையை யார் அள்ளுகிறார்கள், ஏற்கனவே தனி ஆளுக்குக் காசு கொடுக்கிறோமே’ என்பது வாதம். சில மாதங்களில் கட்டணம் கிடப்பில் போடப்பட்டது. நியாயமான கோபம்தான். பணம் கேட்டது பிரச்சினையில்லை. அந்தப் பணத்துக்கு எது நடக்கும் என்று யாரும் எழுதித் தராததுதான் பிரச்சினை.

எழுதித் தரும் ஓர் ஏற்பாடு உலகின் மறுகோடியில் இருக்கிறது.

சரியும் மேட்டில் ஒரு சங்கம்

லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே, பசிபிக் கடலைப் பார்த்தபடி பாலோஸ் வெர்டெஸ் என்ற முனை. பணக்காரர்களின் பூமி. 1956ல் அங்கே போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற பகுதி நகரத் தொடங்கியது. சாலை போடுவதற்காகக் கொட்டிய மண்ணின் எடை, பழங்காலத்தில் சரிந்து ஓய்ந்திருந்த நிலத்தைத் தட்டி எழுப்பிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. வீட்டுக்காரர்கள் மாவட்ட நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டு, 1965ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். எழுபதுகளில் பக்கத்திலுள்ள அபலோன் கோவ் நகர ஆரம்பித்தது.

வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் மலை நிற்காது என்று அப்போது புரிந்தது. 1979ல் கலிபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கொண்டுவந்தவர் பெவர்லி என்ற செனட்டர் என்பதால் பெவர்லி சட்டம் என்று பெயர். அதன்படி ஒரு சரிவின் மேல் வசிக்கும் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒரு ‘நிலவியல் ஆபத்துத் தணிப்பு வட்டம்’ அமைத்துக்கொள்ளலாம். ஊர் எல்லையோ வார்டு எல்லையோ பார்க்க வேண்டியதில்லை. மண் எங்கே சரிகிறதோ அதுவே எல்லை. அங்குள்ள சொத்துகளில் பத்து சதவீதத்துக்கு உரிமையாளர்கள் மனுக் கொடுத்தால் பேச்சுத் தொடங்கும். சொத்து மதிப்பில் பாதிக்கு மேல் எதிர்த்தால் கைவிடப்படும். முதலில் ஒரு பொறியியல் நிலவியலாளர் ‘இந்தச் சரிவுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும்’ என்று திட்டம் எழுத வேண்டும். செலவு ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்குக் கிடைக்கும் பயனை ஒட்டிப் பங்கிடப்படும். சொத்து வரி ரசீதோடு சேர்ந்து வரும். கட்டாவிட்டால் வீட்டின் மேல் கடனாக ஏறும். விற்கும்போது தீர்த்தாக வேண்டும். 1996ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய இன்னொரு விதி இதை மேலும் இறுக்கியது. பொறியாளர் கணக்குக் காட்டாமல், உரிமையாளர்களின் வாக்கெடுப்பு நடத்தாமல் தொகையை ஏற்ற முடியாது.

இந்தச் சட்டத்தின் கீழ் முதல் வட்டம் அபலோன் கோவில்தான் 1981ல் அமைந்தது. அது செய்த முக்கிய வேலை கிணறு தோண்டியது. குடிக்க அல்ல. பூமிக்கடியில் தேங்கும் நீரை இறைத்துக் கடலில் விட்டு, மண்ணை உலர்த்த. அதோடு ஓடைகளைச் செப்பனிடுவது, விரிசல்களை மண் போட்டு அடைப்பது. பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் நகர்வு பல ஆண்டுகள் வெகுவாகக் குறைந்திருந்தது.

சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் இந்த யோசனை இன்னும் புத்திசாலித்தனமாக மாறியது. அங்கே சரிந்த பிறகு அல்ல, கட்டும்போதே வட்டம் அமைக்கிறார்கள். குன்றின் மேல் காலனி போடும் நிறுவனம் வீடுகளை விற்பதற்கு முன்பே வட்டம் பதிவாகிவிடுகிறது. வீடு வாங்குபவர் பத்திரத்தோடு அந்தக் கட்டணத்தையும் வாங்குகிறார். சரிவில் ஓடும் சிமெண்ட் வாய்க்காலை மழைக்கு முன் பெருக்க ஆளும் பணமும் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு நிலச்சரிவுக்குப் பணம் தராது என்பதும் மக்களைச் சம்மதிக்க வைத்த ஒரு காரணம்.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியவில்லை. 2022-23, 2023-24 குளிர்காலங்களில் அங்கு கொட்டிய மழைக்குப் பின் பாலோஸ் வெர்டெஸ் மறுபடி நகர்ந்தது. இம்முறை சில இடங்களில் வாரத்துக்கு ஓர் அடி. சறுக்கும் தளம் பழைய கிணறுகளின் ஆழத்துக்குக் கீழே இருப்பது தெரியவந்தது. 2024 செப்டம்பரில் சுமார் 140 வீடுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. கண்ணாடிச் சுவர்களுக்குப் பெயர் பெற்ற ஒரு தேவாலயம் பகுதி பகுதியாகக் கழற்றி எடுத்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆபத்தான வீடுகளை விலைக்கு வாங்கிவிட 4.2 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் அண்டை வீட்டுக்காரர்களின் சந்தாவில் வந்ததல்ல. அரசுக் கஜானாவின் பணம். வாய்க்காலைச் சுத்தமாக வைக்க அக்கம்பக்கத்துச் சந்தா போதும். மலையே கிளம்பினால் போதாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த யோசனையை இந்தியாவுக்கு அழைத்து வர வேண்டும்.

ஹாங்காங் கற்ற பாடம்

இடையில் ஹாங்காங்கைச் சொல்லாமல் விட முடியாது. 1972 ஜூன் 18. ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் ஏழைகளின் குடிசைப் பகுதி புதைந்து 71 பேர். போ ஷான் சாலையில் வசதியானவர்களின் அடுக்குமாடி சாய்ந்து 67 பேர். மண் வகுப்புப் பேதம் பார்க்கவில்லை. 1977ல் சரிவுகளுக்கென்றே ஒரு பொறியியல் அலுவலகம் தொடங்கினார்கள். மனிதர் வெட்டிய, கொட்டிய சரிவுகள் ஏறத்தாழ 60,000 எண்ணிடப்பட்டுப் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று பட்டியல் உண்டு. தனியார் சரிவு ஆபத்தாக இருந்தால் உரிமையாளருக்கு உத்தரவு போகும்: செப்பனிடு, இல்லாவிட்டால் அரசே செய்து பில் அனுப்பும். நம் ஊரில் சாலையோரத் தடுப்புச் சுவர் இடிந்தால் அது யாருடையது என்று தெரிந்துகொள்ளவே ஒரு விசாரணை தேவைப்படுகிறது.

நைனிதாலின் நாலாக்கள்

தில்லிக்காரர்கள் கோடையில் ஓடும் நைனிதால், இந்தியாவில் இந்த விஷயத்தின் ஆதி பாடசாலை. 1880 செப்டம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை. 18ம் தேதி காலை ஷேர்-கா-டண்டா சரிவிலிருந்து கொஞ்சம் மண் இறங்கி விக்டோரியா ஹோட்டலின் ஒரு பகுதியை மூடியது. சிக்கியவர்களைத் தோண்டி எடுக்க ஆட்கள் கூடினார்கள். கூடியிருந்தபோதே மலையின் பெரும் பாகம் வந்து விழுந்தது. ஹோட்டல், நைனா தேவி கோயில், கூட்ட அரங்கு எல்லாம் நொடியில் போயின. 151 பேர் பலி. இன்று சுற்றுலாப் பயணிகள் பேல்பூரி சாப்பிட்டபடி உலாவும் ஏரிக்கரை மைதானத்தின் ஒரு பகுதி அன்று வந்த மண்.

அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பொறியாளர்கள் செய்தது எளிமையான காரியம். மலை முழுதும் கல் பதித்த நாலாக்களை வலைபோலப் பின்னினார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் நேரே ஏரிக்கு வர வேண்டும். அதோடு எந்தச் சரிவில் கட்டலாம், எதில் கூடாது என்ற கட்டுப்பாடு. ஒரு நூற்றாண்டு தாண்டியும் அந்த நாலாக்கள்தான் ஊரைத் தாங்குகின்றன. ஆனால் பல இடங்களில் நாலாவின் மேலேயே வீடு, நாலாவுக்குள்ளே கட்டட இடிபாடு. நைனிதாலின் கட்டுமானப் பெருக்கம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம்வரை போய் 1995ல் தீர்ப்பு வந்தது. ஊரின் மறுபக்கம் பலியா நாலாச் சரிவு இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஹோட்டல் அறைகள் நிரம்பி வழிகின்றன. ஓர் அறையில் ஓர் இரவு தங்குபவர், தனக்கு மேலே உள்ள நாலாவைப் பெருக்க என்ன தருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கேத்தியில் 820 மில்லிமீட்டர்

நீலகிரியின் கணக்கு தனி. 1978லும் 1979லும் பெரும் சரிவுகள். 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம். பேருந்துப் பயணிகள் உட்படப் பலரை மண் கொண்டு போனது. அந்த ஆண்டுதான் மலைவாசத் தலங்களுக்கான கட்டட விதிகள் வந்தன. பிறகு 2009 நவம்பர். 10ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல். ஐந்து நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள், 43 உயிர்கள். மலை ரயில் பாதை துண்டு துண்டானது. சரிவுகள் பெரும்பாலும் சாலைக்கும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வெட்டிய இடங்களில்தான். வெட்டிய மண்ணுக்குச் சுவர் கட்டியவர்கள் பலர், அதன் பின்னால் தேங்கும் நீர் வெளியேற ஓட்டை விடவில்லை. சுவர் அணையானது.

இங்கே பணம் வந்த வழியைப் பாருங்கள். 1975-76 முதல் மத்திய அரசின் மலைப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் நீலகிரிக்குப் பணம் தந்துவந்தது. மண் பாதுகாப்பு, தடுப்புச் சுவர், ஓடைச் சீரமைப்பு எல்லாம் அதில். 2015க்குப் பின் மத்திய நிதி நின்றது. மாநில அரசு தன் சொந்தத் திட்டமாகத் தொடர்ந்தது. தில்லியில் ஒரு கோப்பு மூடப்பட்டால் கோத்தகிரியில் ஒரு வாய்க்கால் அடைபடலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் பலவீனம்.

வேடிக்கை என்னவென்றால், வடிகாலுக்கென்று தனி வரி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1920ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் சொத்து வரி ஒரே வரியாக இல்லை. பொது வரி, தண்ணீர்-வடிகால் வரி, விளக்கு வரி என்று பிரிந்திருந்தது. இந்தப் பிரிவு எந்தச் செலவுக்கு என்று பெயரிலேயே தெரிந்தது. 2023 ஏப்ரலில் அந்தச் சட்டம் விடைபெற்று, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 1998ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் குடிநீர் வாரியம் இப்போதும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாக வாங்குகிறது. கவனியுங்கள்: கழிவுநீருக்கு. மழைநீருக்கு அல்ல. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் தலையில். கட்டுவதற்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் ஜெர்மன் வங்கியிடமும் கடன். கொசஸ்தலையாற்றுப் பகுதிக்கு மட்டும் 2021ல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது. கட்டக் கடன் கிடைக்கும். பெருக்க யாரும் கடன் தர மாட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம் என்றே ஒரு குழு. குடவோலையில் தேர்வான உறுப்பினர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். யார் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதோ அவர்களே கரைக்குப் பொறுப்பு என்ற குடிமராமத்து வழக்கமும் அந்த மரபில் வந்ததுதான். அதைத் தமிழக அரசு 2017ல் பெயரோடு மீட்டது. ஆக, கலிபோர்னியாக்காரர்கள் 1979ல் கண்டுபிடித்ததைக் கேட்டு நாம் வாய்பிளக்க வேண்டியதில்லை.

வரியா, கட்டணமா?

சட்டத்தில் ஒரு முடிச்சு உண்டு. வரி என்றால் பணம் கொடுத்தவருக்கு நேரடிப் பிரதிபலன் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் என்றால் காட்ட வேண்டும். இந்தப் பிரிவினையை இந்தியாவில் தெளிவாக்கிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்தே கிளம்பியது: 1954ல் ஷிரூர் மடம் வழக்கு. 1951ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் வாங்கிய தொகை, கட்டணம் என்ற பெயரில் வந்த வரியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுக் கஜானாவில் கலந்துவிட்ட பணத்துக்குச் சேவை என்ன என்று காட்ட முடியவில்லை. பின்னாளில் நீதிமன்றங்கள் இந்தக் கறாரைத் தளர்த்தின. ஆனாலும் சரிவுக் கட்டணம் ஒன்று வந்தால், அதைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தச் சரிவுக்கே செலவழிப்பதுதான் சட்டத்துக்கும் மக்கள் மனத்துக்கும் பொருந்தும். குன்னூரில் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பில் ஆயிரம் வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய், ஆண்டுக்கு ஆறு லட்சம். தடுப்புச் சுவர் கட்ட அது காணாது. அந்த ஓடையை ஆண்டுக்கு இரண்டு முறை பெருக்கி, சுவர்களின் ஓட்டைகளைக் குத்திவிட, மழைக்காலத்தில் நடந்து பார்த்துவர இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் தர உதவும். ஹோட்டல்களையும் விடுதிகளையும் அவர்கள் மூடிவைத்த நிலப்பரப்புக்கு ஏற்பக் கூடுதலாகக் கேட்கலாம்; சிமெண்ட் தளம் போட்டவர்தான் ஓடைக்குள் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறார்.

பெரிய வேலைக்கு அரசுப் பணம்தான். 15வது நிதிக் குழு 2021-26க்கு மாநிலப் பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்பு வேலைகளுக்கென்று ஒதுக்கச் சொன்னது. 2024 நவம்பரில் மத்திய அரசு 15 மாநிலங்களுக்கு ரூ. 1,000 கோடியில் நிலச்சரிவுத் தணிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் தலா ரூ. 139 கோடி, கேரளத்துக்கு 72 கோடி, தமிழ்நாட்டுக்கு 50 கோடி. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று பங்கிட்டால் 50 கோடி எவ்வளவு தூரம் வரும் என்பது எளிய கணக்கு. அது கட்டித் தரும் சுவரின் பின்னால் ஐந்தாண்டு கழித்துச் செடி முளைத்தால் யார் பிடுங்குவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பட்டா இல்லாத சரிவுகள்

இந்த யோசனைக்கு உண்மையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அது குடியிருப்போர் சங்கங்கள் சொல்வதல்ல. சரிவின் அடியில் இருப்பவருக்குச் சொத்தே இல்லை என்பது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி. மேலிருந்து வந்த மண் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை அப்படியே மூடியது. 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள். தலைமுறைகளாக இருந்த வீடு, ஆனால் அவர்களுடையதல்ல. இலங்கையில் 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் இதே காட்சி. அந்தச் சரிவு ஆபத்தானது என்று அந்நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காதில் விழுந்தவர்களுக்கும் வேறெங்கே போவது என்பதற்கு விடை இல்லை. லயத்துக்குப் பட்டா இல்லை; எனவே வரி ரசீது இல்லை; வட்டம் அமைத்தால் அதில் வாக்கும் இல்லை. கலிபோர்னியா முறையில் சொத்து மதிப்புதான் வாக்கின் எடை.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் பாறையும் சேறும் இறங்கி ஒரு வீட்டைப் புதைத்தது. ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலைமேல் ஏறிக் குடியேறும் இத்தகைய தெருக்களில் பல வீடுகளின் உரிமை வழக்கிலோ விண்ணப்பத்திலோ இருக்கும். அவர்களிடம் கட்டணம் வாங்கினால், ‘அரசே எங்களை அங்கீகரித்துவிட்டது’ என்று ரசீதைக் காட்டி நாளை வழக்காடுவார்கள் என அதிகாரிகள் தயங்குவார்கள். வாங்காவிட்டால் அந்தச் சரிவு எந்தக் கணக்கிலும் வராது.

இதற்கு வழி உண்டு. ஆனால் அது கலிபோர்னியாவில் இல்லை, ஹாங்காங்கில் இருக்கிறது. உரிமை யாருடையது என்பதை ஒதுக்கி வைத்து, முதலில் சரிவை எண்ணு. ஒவ்வொன்றுக்கும் எண் கொடு. நிலம் தோட்ட நிறுவனத்துடையது என்றால் கட்டணம் நிறுவனத்துக்கு, குடியிருப்பவருக்கு அல்ல. நிலம் வனத்துறையுடையது என்றால் வனத்துறைக்கு. அரசு நிலத்தில் ஏழைகள் இருந்தால் அரசே அந்தப் பங்கைக் கட்டட்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாட்டின் நிலப்பரப்பில் 12.6 சதவீதம், அதாவது 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர், நிலச்சரிவு அபாயத்தில் உள்ளது என்று கணக்கிட்டு வரைபடங்களும் போட்டிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் உள்ள சிவப்புப் புள்ளிக்கும் நகராட்சி வருவாய்ப் பிரிவின் வரிப் பதிவேட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் இரண்டு அலுவலகங்களின் அலமாரியில் இருக்கின்றன.

தில்லியில் 2025 செப்டம்பரில் புதிய வடிகால் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. நஜஃப்கட், பாராபுல்லா, யமுனைக்கு அப்பால் என்று நகரை மூன்று நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்துப் போட்ட திட்டம். வார்டு எல்லையை விட்டுத் தண்ணீரின் எல்லையை எடுத்துக்கொண்டது நல்ல தொடக்கம். ஜனக்புரி நஜஃப்கட் பிரிவில் வருகிறது. அங்குள்ள வீட்டுக்காரர் அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது, ரசீதில் அந்த நாலாவின் பெயர் எங்கேயும் இருக்காது.